கிணற்றடியில் நீ கேட்ட கேள்வி

என் அம்மாவுக்கு,

அன்று கிணற்றடியில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் "இல்லைம்மா" என்றேன். இருக்கிறது அம்மா. என் பாடப் புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை இரண்டு தடவை படித்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் கோடு கூடப் போட்டிருந்தேன். அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உன் எதிரில் நின்றேன். அப்படி நின்றுகொண்டேதான் இல்லை என்றேன்.

நீ கேட்டது இதுதான்: "வேதா, நீ படிக்கிற மனசு புஸ்தகத்துல என்னை மாதிரி இருக்கறவாளைப் பத்தி ஏதாவது போட்டிருக்காளாடி?"

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை உனக்கு எழுதி, ஊரார் படிக்கிற பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். 'இவ வாயிலேர்ந்து வார்த்தையைப் பிடுங்கணும்' என்று நீயே என்னைச் சொல்வாய். அப்படிப்பட்டவள் ஏன் இதைச் செய்கிறாள் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வீட்டில் கை கழுவக் காரணங்களுக்குக் குறைவே கிடையாது. சாதப் பானையைத் தொட்டால் பத்து. வாயில் பட்ட கை எச்சில். துவைக்காத துணியைத் தொட்டால் விழுப்பு. சாவுச் செய்தி வந்தால் தீட்டு. அப்பா கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர். அவர் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? இருபது தடவை கழுவினால் ஆசாரம் என்றார்கள். ஐம்பது தடவை கழுவினாய். புண்ணியவதி என்றார்கள்.

உன்னைப் பற்றித் தெருவில் பெருமையாகத்தான் பேசினார்கள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து நம் வீட்டோடு வந்துவிட்ட அத்தைதான் அதில் முதல் ஆள். அப்பாவின் அக்கா. எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும், "எங்காத்து ஜானகி மாதிரி மடி பார்க்க இன்னொருத்தி பொறந்துதான் வரணும்" என்பாள். நீ தலையைக் குனிந்துகொள்வாய். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தோம். நான்கூட.

உன் கைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, முட்டிகளில் பிளந்திருக்கும். புளி கரைக்கும்போது நீ பல்லைக் கடிப்பாய். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறும். ஆனால் எண்ணெய்க் கை எதிலாவது படுமே என்று அதையும் உடனே கழுவிவிடுவாய். என் தலையை நீ பின்னிவிட்டது எந்த வயதோடு நின்றது? யோசித்துப் பார்த்தால் ஒன்பது, பத்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற தலை, எத்தனை பேர் மேல் பட்டிருக்குமோ. அதற்கப்புறம் நீ தூரத்தில் நின்று, "இடது பக்கம் தூக்கிண்டிருக்கு, இன்னும் இழு" என்று சொல்வாய். நான் இழுத்துக்கொள்வேன். அப்படித்தான் நான் பின்னக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. நான்தான் உன் சாட்சி.

"பட்டுதாடி?"

"படலைம்மா."

"கொடி மேல காக்கா உக்காந்துதே, புடவை மேல உக்காந்துதா?"

"கொடி மேலதாம்மா. புடவை மேல இல்லை."

"நன்னாப் பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

உன் முகம் ஒரு நிமிஷம் தெளியும். கழுத்து நரம்பு இறங்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். பார்க்காதபோதும் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த பெண் என்று எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

இந்திப் போராட்டத்தில் கல்லூரிகள் எல்லாம் மூடிக் கிடந்ததற்கு அடுத்த வருஷம் நான் பட்டணத்தில் சேர்ந்தேன். காலைப் பாசஞ்சரில் போய், சாயங்காலம் கரிப்புகை படிந்த முகத்தோடு திரும்புவேன். கொல்லை வழியாக வந்து, கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். என்ன படிக்கிறாய் என்று அத்தை கேட்டதற்கு, மனசைப் பற்றி என்றேன். "மனசுக்கு எதுக்குடி காலேஜ்? எல்லாருக்கும் ஒண்ணு இருக்கே!" என்றாள். நீ சிரித்தாய். நீ சிரித்த தடவைகளை எண்ணிவிடலாம் என்பதால் அது நினைவிருக்கிறது.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒருவரைப் பிடித்துக்கொள்வது. அதை அடக்குவதற்கு அவர் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியை, கை கழுவுகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். குழாயை மூடப் போவாளாம். குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கழுவுவாளாம். மறுபடி மூடப் போவாளாம். அவர் கையாலேயே நடித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது.

நானும் சிரித்தேன் அம்மா.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று. அன்று ரயிலில் ஆவடி தாண்டும் வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகுதான் அந்த அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். கழுவினால் பயம் கொஞ்சம் அடங்குகிறது. கழுவியதால்தான் அடங்கியது என்று மனசு கற்றுக்கொள்கிறது. அதனால் அடுத்த தடவை பயம் வந்ததும் அதே மருந்தைக் கேட்கிறது. ஒவ்வொரு கழுவலும் அடுத்ததைக் கூட்டிக்கொண்டு வருகிறது. இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் உறுதி கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றும், அந்த உறுதியும் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்றும் போட்டிருந்தது. அங்கே நிறுத்தினேன். அப்படியானால் என் 'படலைம்மா' என்ன? அதுவும் ஒரு வாளித் தண்ணீர்தானே?

எங்கிருந்து ஆரம்பித்தது என்று புத்தகம் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் உறுதியில்லை. ஆனால் நான் சின்னவளாக இருந்தபோது வந்த அந்தப் போஸ்ட் கார்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அப்போது ஏழு மாதம். கும்பகோணத்தில் யாரோ தூரத்துச் சித்தப்பா போய்விட்டார் என்று கார்டு வந்தது. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுக வேண்டும். தம்பி பசியில் அழுதுகொண்டிருந்தான். நீ பாலைக் கொடுத்து, தூங்கப் பண்ணிவிட்டு, அப்புறம் போய்க் குளித்தாய். நாலு நாளில் அவனுக்கு வாந்தியும் பேதியும். அதற்கடுத்த நாள் அவன் இல்லை.

அத்தை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "குளிச்சுட்டு எடுத்திருக்கப்படாதோ?" அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளை வளர்த்த வீட்டில் எல்லாத் துக்கத்துக்கும் ஒரு தீட்டு காரணமாக இருந்தது. அவளுக்கு வேறு காரணம் தெரியாது. கிருமி என்றும் கிணற்று நீர் என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ அன்றிலிருந்து குளித்துக்கொண்டே இருந்தாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தை அமாவாசை. நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? எங்கெங்கிருந்தோ நோயாளிகள். முதல் நாள் ராத்திரியே வந்து கோயில் வாசலிலும் தெருவிலும் படுத்து, விடிந்ததும் வெல்லத்தைக் குளத்தில் கரைப்பார்கள். கரைகிற மாதிரி நோயும் கரைய வேண்டும். அமாவாசை என்றால் உனக்கு நடுக்கம். நம் சுவரில் யார் யாரோ சாய்ந்திருப்பார்கள். அன்று நான் கொல்லை வழியாக வந்தபோது நீ கிணற்றடியில் ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாய். எத்தனையாவது குளியலோ. உதடு நீலமாக இருந்தது. ஆனால் உன் கண்ணில் ஏதோ புதுசாக இருந்தது. ஏதோ நல்ல சேதி வைத்திருக்கிற மாதிரி. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாய். கேட்டாய்.

நான் ஏன் இல்லை என்றேன்? அந்த அத்தியாயத்தின் தலைப்பு நோய் என்று இருந்தது. கீழ்ப்பாக்கம் என்று ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வசவாகிற காலம். 'உன்னைப் பற்றிப் பைத்தியங்களின் புத்தகத்தில் போட்டிருக்கிறது' என்று நான் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? இல்லை என்றால் உனக்கு நிம்மதி என்று நினைத்தேன். உன் கேள்விக்கெல்லாம் இல்லை, இல்லை என்றே பழகிய வாய் இது.

அதற்கப்புறம் பத்து மாதம் இருந்தது. ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். மார்கழியில் உனக்கு ஜுரம் வந்தது. ஜுரத்தோடு குளித்தாய். நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் நிமோனியா என்றார். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் ஜானகி, தண்ணி கிட்டப் போகாதே" என்று முதல் தடவையாகச் சொன்னார். மூன்றாம் நாள் போய்விட்டாய். துக்கம் கேட்க வந்தவர்கள், "ஜுரத்துலகூடத் தீர்த்தமாடாம தளிகை உள்ளுல கால் வெச்சதில்லையே! மடியாவே போய்ச் சேர்ந்தா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதிமூன்று நாளும் முடிந்து ஒரு காலையில் கன்னியம்மா பால் கொண்டுவந்தாள். உனக்கு அவளைத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கொல்லைப் படலுக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னா மாமி, கெணத்துல தண்ணி மிச்சம் வெச்சிக்கிறியா, எல்லாத்தையும் தீத்துட்டியா?" என்று உன்னைக் கேலி செய்கிற ஒரே ஆள். அன்று கேலி செய்ய யாருமில்லாமல் என்னிடம் வந்து நின்றாள்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம வயித்துல வெச்சிக்கினு இருக்கேன். போன தை அமாவாசைக்கு உங்கம்மா எங்கிட்ட வெல்லம் குடுத்து கொளத்துல கரைக்கச் சொல்லிச்சு."

"அம்மாவா? எதுக்கு?"

"எதுக்குன்னா, அதுக்குத்தான். கழுவிக்கினே கெடக்குற நோவுக்கு. 'நானே வந்து கரைக்கணும்டி, ஆனா அத்தினி பேரு கால் வெச்ச தண்ணில என்னால எறங்க முடியாது. எம்பேரச் சொல்லாத. ஒரு பொம்மனாட்டிக்குன்னு வேண்டிக்கோ'ன்னு சொல்லிச்சு."

கன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்லல்லாம் எனக்கு பேஜாராத்தான் இருக்கும் பாப்பா. நம்ம சாதியப் பாத்துத்தான் அம்மாந்தடவ கழுவுதுன்னு. அப்பறம் பாத்தா, பெத்த பொண்ணத் தொட்டாலும் கழுவுது. சரி, இது வேற இன்னாவோன்னு உட்டுட்டேன். அன்னிக்கு வெல்லத்த குடுத்துட்டு கேட்டுச்சு: 'கன்னிம்மா, ஒங்க பக்கத்துல என்னை மாதிரி யாரானும் இருக்காளாடி?' இன்னா மாமி இப்டி கேட்டுட்ட, எளாவூர்ல எங்க நைனா இல்லியா? குடோன் வாச்மேனு. பூட்டிட்டு பாதி வழி வந்துருவாரு, திரும்பி ஓடுவாரு, பூட்ட இஸ்துப் பாக்க. பத்து வாட்டி. எங்கம்மா சோத்த மூடி வெச்சிக்கினு குந்தினு இருக்கும். ஒரு நாளு பூட்டையே கையோட இஸ்துக்கினு வந்துட்டாரு, அப்பதான் நிம்மதியா துன்னாருன்னேன். மாமி சிரிச்சிது பாரு! அப்டி ஒரு சிரிப்பு நான் பாத்ததே இல்ல. 'அவருக்கும் கஷ்டம்னு தெரியுமாடி?'ன்னு கேட்டுச்சு. ஏன் தெரியாது மாமி, அழுவாருன்னேன்."

அன்றைக்குத்தான் அம்மா எனக்குப் புரிந்தது. நீ அதே நாள் சாயங்காலம்தான் என்னிடம் கேட்டாய். காலையில் உன்னைப் போல ஒருவர் கிடைத்தார். எளாவூரில், நீ பார்த்தே இராத ஒரு வாச்மேன். புத்தகத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று என்னிடம் கேட்க வந்தாய். அதனால்தான் உன் கண்ணில் அந்த வெளிச்சம்.

நான் பென்சிலால் கோடு போட்ட வரிகளுக்கு நடுவில், கோடு போடாமல் விட்ட ஒரு வரி இருந்தது. தாம் செய்வது அர்த்தமில்லாதது என்று இவர்களில் பலருக்கும் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியாது என்கிற வரி. அதை எப்படித் தாண்டிப் போனேன்? கழுவுகிற நீ ஒருத்தி. அதைப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டு, இதிலிருந்து வெளியே வர வெல்லம் எடுத்து வைத்த நீ இன்னொருத்தி. ஊர் முதலாமவளை மெச்சியது. நான் முதலாமவளைப் பாதுகாத்தேன். இரண்டாமவளிடம் பேசியது கன்னியம்மா மட்டும்தான்.

உனக்கு நோய் இல்லை என்று சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். உலகத்தில் இப்படி நீ ஒருத்திதான் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே விஷயங்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்கிறேன். நான் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று ரயிலடிக்கு அப்பால் முள்ளுக்காட்டை வெட்டி நிலம் அளக்கிறார்கள். வாரக் கடைசியில் நம் வீட்டுக்குத் திருவள்ளூர் வருகிறேன். அப்பா இன்னும் மடப்பள்ளிக்குப் போகிறார். உன் மடிப் புடவைகள் கொடியிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் போய்விட்டன. கன்னியம்மா படலைத் தாண்டிக் கிணற்றடி வரை வருகிறாள். அத்தையே வரச் சொன்னாள் என்றால் நம்புவாயா?

உன் மாதிரி ஆட்களுக்கு இப்போது ஏதேதோ முயன்று பார்க்கிறார்களாம். பயப்படுகிற ஒன்றைக் கொஞ்சமாகத் தொடச் சொல்லி, உடனே கழுவ விடாமல், பயம் தானாக இறங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். பக்கத்தில் உட்கார்வது. அது எனக்கே முடிந்திருக்குமே அம்மா? ஒரு நாள் என் தலையைப் பின்னச் சொல்லிவிட்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கலாமே?

போன மாதம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் இருப்பதை, வெல்லத்தை, எளாவூர் வாச்மேனை. அவள் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "வேதா, நான் அவளை மெச்சிக்காம இருந்திருந்தா நிறுத்தியிருப்பாளோ?" என்று கேட்டாள்.

அவள் குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. 'பட்டுதாடி?' என்கிற குரல். 'இல்லை அத்தை, உங்களால ஒண்ணுமில்லை' என்று என் வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் முகம் ஒரு நிமிஷம் தெளிந்திருக்கும். நாளைக்கு மறுபடி கேட்டிருப்பாள்.

"தெரியலை அத்தை" என்றேன். "எனக்கும் அதே மாதிரி ஒரு கேள்வி இருக்கு. நானும் தினம் கேட்டுக்கறேன்."

அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் வெளியிலிருந்து வந்தவள், குளிக்காதவள். அவள் குளித்து மடியாக இருந்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்காமல் விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

இதை ஊரார் படிக்க ஏன் கொடுக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே. எந்த வீட்டிலோ ஒருத்தி ஈரக் கையோடு இதைப் பிரிக்கலாம். எல்லோரும் மெச்சுகிற ஒருத்தியாகக்கூட இருக்கலாம். அவள் யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்கு இது பதிலாகட்டும். இருக்கிறார்கள் அம்மா, உன்னைப் போல, அவளைப் போலப் பல பேர் இருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கிறார்கள். காகிதம் நனைந்தால் பரவாயில்லை.

உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். இனி யார் என்னிடம் வந்து அப்படிக் கேட்டாலும், அவர்கள் முகம் எப்படி மாறினாலும், இருக்கிறது என்றே சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்று நான் "இல்லைம்மா" என்றதும் நீ என் கையிலிருந்த புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி" என்றாய். பிறகு திரும்பி, கயிற்றைப் பிடித்து, இன்னொரு வாளி இறைத்தாய்.

உன் பெண்,
வேதா